777எக்ஸ்: 2020 என்றார்கள், இப்போது 2027. ஏன் இவ்வளவு இழுபடுகிறது?

கொக்குவில் ஹாட்வெயார் கேட்டது:

2013 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் போயிங் 777எக்ஸ் விமானத்தை அறிவித்தபோது என் மகன் புலமைப்பரிசில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தான். சிறகு நுனி மடங்கும் என்று கேள்விப்பட்டதும் பேப்பரில் வந்த படத்தை வெட்டிக் கணக்குக் கொப்பி அட்டையில் ஒட்டிவிட்டான். முதல் விமானம் 2020இல் கையளிக்கப்படும் என்றார்கள். பொடியன் ஓ/எல், ஏ/எல் எல்லாம் முடித்துக் கம்பஸும் போய்விட்டான். விமானம் இன்னும் ஒருவருக்கும் கொடுபடவில்லை. 2025 ஒக்டோபரில் போயிங் திரும்பவும் திகதியைத் தள்ளி 2027 என்று சொல்லி, 4.9 பில்லியன் டொலரை நட்டக் கணக்கில் எழுதியது.

என் கேள்வி இதுதான். போயிங்கின் 747க்கு பான் ஆம் என்ற அமெரிக்க விமான சேவை 1966இல் ஓடர் கொடுத்தது. 1969 பெப்ரவரியில் பறந்தது, 1970 ஜனவரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நியூயோர்க்கிலிருந்து லண்டன் போனது. பென்சிலும் ஸ்லைட் ரூலும் வைத்து வேலை செய்த காலம் அது. 777எக்ஸ் முழுப் புதிய விமானம்கூட இல்லை. பழைய 777இன் உடம்பை நீட்டி, புதுச் சிறகும் புது எஞ்சினும் போட்டிருக்கிறார்கள். அதற்கு 14 வருடமா? கொம்பனி சரியில்லையா, இல்லை இந்தத் தொழிலே இப்படித்தானா?

"போயிங் பழைய போயிங் இல்லை" என்ற ஒற்றை வரியை யூடியூபில் வேண்டிய மட்டும் கேட்டுவிட்டேன். அதை விட்டு வேறு சொல்லுங்கள்.

அறிவியல்நகர் மாணவி:

அங்கிள், பெரிய காரணம் போயிங்கின் 737 மக்ஸ். 2018 ஒக்டோபரில் லயன் எயார், 2019 மார்ச்சில் எதியோப்பியன். இரண்டு விபத்திலும் சேர்த்து 346 பேர் இறந்தார்கள். அதுவரை அமெரிக்காவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான எஃப்ஏஏ பரிசோதனை வேலையில் ஒரு பகுதியைப் போயிங்கின் ஆட்களிடமே ஒப்படைத்திருந்தது. விபத்துகளுக்குப் பிறகு 2020 டிசம்பரில் சட்டத்தையே மாற்றினார்கள். 777எக்ஸ் அந்த நேரம் பார்த்துத்தான் பறக்கத் தகுதியானது என்ற சான்றுக்குப் போய் நின்றது. முன்பு ஒரு கடிதத்தோடு முடிந்த விஷயத்துக்கு இப்போது முழு ஆதாரமும் கேட்கிறார்கள்.

பழைய ஹாங்கர் ஆள்:

பிள்ளை சொன்னது சரி, ஆனால் பாதிதான். மக்ஸ் விழுந்திருக்காவிட்டாலும் 777எக்ஸ் 2020இல் வந்திருக்காது.

தம்பி, நான் வளைகுடாவில் ஒரு பெரிய ஹாங்கரில், விமானம் திருத்தும் கொட்டகையில், ஸ்ட்ரக்சர் பகுதியில் இருந்தவன். தகடு, ரிவெட், துரு, விரிசல், இதுதான் என் பாடு. விமானம் வடிவமைத்தவன் இல்லை. வடிவமைத்தவர்கள் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்பதைத் தகட்டைக் கழற்றிப் பார்த்தவன். இப்போது சுன்னாகத்தில் சும்மா இருக்கிறேன், அதனால் நீட்டி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் 747. அது நேரத்துக்கு முடிந்த விமானம் என்பது படம் மட்டும் பார்த்தவர்கள் சொல்லும் கதை. போயிங்கின் எவரெட் தொழிற்சாலைக்கு வெளியே முடிந்த 747கள் எஞ்சின் இல்லாமல் வரிசையில் நின்றன. எஞ்சின் தொங்க வேண்டிய இடத்தில் பாரத்துக்குக் கொங்கிறீட் கட்டிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜேடி9டி எஞ்சின் அப்போது இன்னும் சரிவரவில்லை. நீங்கள் சொன்ன அந்த நியூயோர்க்-லண்டன் முதல் பயணத்திலேயே எஞ்சின் சூடேறி, ஆட்களை இறக்கி வேறு 747இல் ஏற்றி, ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தித்தான் புறப்பட்டார்கள். மிச்சத் திருத்தமெல்லாம் ஆட்களை ஏற்றி ஓட்டிக்கொண்டே செய்தது. இன்று அப்படிச் செய்ய எவரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆகவே அந்த மூன்றே முக்கால் வருடத்தையும் இந்த 14 வருடத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இனி 777எக்ஸ். முதல் அடி எஞ்சினில். ஜிஇ9எக்ஸ் எஞ்சினின் முன் விசிறி 3.4 மீற்றர் அகலம். 2019இல் அதன் காற்றை அமுக்கும் கொம்பிரசருக்குள் அசையாமல் நிற்க வேண்டிய இலைகள் எதிர்பார்த்ததை விடக் கெதியாகத் தேய்வதைக் கண்டார்கள். அந்த வருடம் பறக்கவிருந்த விமானம் 2020 ஜனவரி 25ஆம் திகதிதான் முதன்முதலில் எழும்பியது. இடையில் 2019 செப்டெம்பரில் நிலச் சோதனை. சேவைக் காலத்தில் வரக்கூடிய ஆகக் கூடிய பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துச் சிறகை மேலே வளைப்பார்கள். அந்த இலக்கில் 99 சதவீதம் வரை தாங்கிய விமானத்தின் உடம்பு, சிறகுக்குப் பின்பக்கமாகக் கிழிந்துபோனது. ஒரு சதவீதம்தானே என்று வெளியாள் கேட்பான். அந்த ஒரு சதவீதத்துக்காக மாதக்கணக்கில் கணக்குப் பார்க்க வேண்டிவரும்.

எனக்கு மிகவும் விளங்கியது 2024 ஓகஸ்ட் விஷயம், ஏனென்றால் அது என் வேலை. எஞ்சின் முன்னே தள்ளும் விசையை விமானத்துக்கு எடுத்துக்கொடுக்க, எஞ்சினுக்கும் அது தொங்கும் பைலனுக்கும் இடையில் தடிகள் இருக்கும், எஞ்சினுக்கு இரண்டு. ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்ற ஏற்பாடு. ஹவாயில் கோனாவில் சோதனைப் பறப்பு முடிந்து வந்த விமானத்தைக் கழற்றிப் பார்த்தால் ஒரு தடி முறிந்திருந்தது. மற்றச் சோதனை விமானங்களிலும் அதே தடியில் விரிசல். பறப்பு அவ்வளவும் நின்றது. திரும்பத் தொடங்கியது 2025 ஜனவரியில்.

ஒரு தடிக்கு ஐந்து மாதமா என்று கேட்பீர்கள். இப்படியான விரிசல் கண்ணுக்குத் தெரியாது. தடியைக் கழுவித் துடைத்து, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் காயவிட்டு, சிவப்புச் சாயத்தைப் பூச வேண்டும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே இருக்கும் சாயத்தைத் துணியால் துடைத்தெடுத்து, வெள்ளை மாவு போன்ற ஒன்றை விசிறுவோம். பிறகு காத்திருப்பது. விரிசல் இருந்தால், உள்ளே போன சாயம் வெள்ளைக்கு மேலே மெல்ல ஊறி ஒரு சிவப்புக் கோடாக வரும். சில நேரம் நகக்கண் நீளம்கூட இராது. கோட்டைக் கண்டது தொடக்கம்தான். ஏன் வெடித்தது? பொருளா, வடிவமா, எஞ்சினின் அதிர்வா? புது வடிவம் வரைந்து, செய்து, இயந்திரத்தில் மாட்டிப் பல்லாயிரம் முறை இழுத்துத் தள்ளி, இத்தனை பறப்புக்குத் தாங்கும் என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து வைக்கிறவனுக்குத் திகதி முக்கியமில்லை. இருக்கவும் கூடாது.

அந்தத் தடி சோதனையில் முறிந்ததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். சோதனை அதற்குத்தான். என் கோபம் வேறு இடத்தில். 2013இல் துபாயில் மேடையில் நின்று 259 விமானத்துக்கு ஓடரும் வாக்குறுதியும் வாங்கிக்கொண்டு 2020 என்று சொன்னார்களே, அந்தத் திகதியைத் தடி செய்கிறவனிடம் கேட்டுச் சொல்லவில்லை. விற்கிறவர்கள், போட்டிக் கொம்பனி எப்போது வரும் என்று பார்த்துச் சொன்ன திகதி அது. பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று துண்டு துண்டாகத் தள்ளுகிறார்கள். 2016இலேயே "2023க்கு முன் முடியாது" என்று சொல்லியிருந்தால் எமிரேட்ஸ் அதற்கேற்ற மாதிரி வேறு ஒழுங்கு செய்திருக்கும்.

துலூஸ் பக்கம்:

இதெல்லாம் போயிங் வியாதி. எயர்பஸ் ஏ350 எவ்வளவு அமைதியாக வந்தது, பாருங்கள்.

பழைய ஹாங்கர் ஆள்:

ஏ350 அமைதியாக வந்தது, அதற்கு முன் எயர்பஸ் செய்த ஏ380இல் வாங்கிய அடியால். ஏ380இன் உடம்புக்குள் 500 கிலோமீற்றருக்கு மேல் வயர் ஓடுகிறது. ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் வயர்க் கட்டுகளைப் போட்டு, உடம்பின் துண்டுகளைப் பிரான்சின் துலூசுக்கு அனுப்பினார்கள். அங்கே பொருத்தப் போனால் வயர் எட்டவில்லை. சில சென்ரிமீற்றர்தான் குறைவு. ஜேர்மன்காரர் வரைந்த மென்பொருள் பழைய பதிப்பு, பிரெஞ்சுக்காரரது புதுப் பதிப்பு. வயர் வளைகிற இடத்தில் எவ்வளவு நீளம் தின்னும் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றாக இருக்கவில்லை. ஹம்பேர்க் தொழிலாளர்களைத் துலூசுக்குக் கூட்டிப்போய்க் கையால் கழற்றி மாற்றவைத்தார்கள். 2006 யூனில் பிந்தும் என்று அறிவித்ததும் தாய்க் கொம்பனியின் பங்கு ஒரே நாளில் கால்வாசி விழுந்தது, தலைமையில் இருந்தவர்கள் வேலையை விட்டுப் போனார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் எயார்லைன்சுக்குக் கிடைத்தது 2007 ஒக்டோபரில். சிறகும் 2006 பெப்ரவரிச் சோதனையில் ஒன்றரை மடங்கு தாங்க வேண்டிய இடத்தில் 1.45இல் முறிந்தது. போயிங்கோ எயர்பஸ்ஸோ, பௌதிகம் ஒன்றுதான்.

அறிவியல்நகர் மாணவி:

வயர் என்றதும் எங்கள் வகுப்பில் படித்தது ஞாபகம் வருகிறது. ஜப்பானின் மிட்சுபிஷி செய்த எம்ஆர்ஜே என்ற பயணிகள் விமானம். 2008இல் தொடங்கினார்கள், 2013இல் தருவதாகச் சொன்னார்கள். முதன்முதலில் பறந்தது 2015 நவம்பரில். 2017இல் மின்னணுப் பெட்டிகளை இடம் மாற்றி வயரிங்கைத் திரும்பப் போட வேண்டிவந்தது. ஒரே இடத்தில் தண்ணீர் புகுந்தாலோ எதுவும் வெடித்தாலோ எல்லாம் சேர்ந்து போய்விடக் கூடாது என்ற சான்று விதிக்காக. கடைசியில் 2023 பெப்ரவரியில் திட்டத்தையே கைவிட்டார்கள். கார், கப்பல், ரொக்கெட் எல்லாம் செய்கிற நாடு, பறக்கிற விமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சான்று எடுக்க முடியாமல் நின்றுவிட்டது. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

அண்ணை, போயிங் 787இன் ஆணிப் பிரச்சினையையும் சொல்லுங்கள். இவர் ஹாட்வெயார்காரர்.

பழைய ஹாங்கர் ஆள்:

ஓம், அது இவருக்குப் பிடிக்கும். 2007 யூலை 8ஆம் திகதி, 787 என்ற இலக்கம் வருகிற மாதிரி நாள் பார்த்து, விமானத்தை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார்கள். பார்க்க வடிவு. உள்ளே வெறும் கூடு. விமானத்துக்குரிய ஃபாஸ்னர், அதாவது தகடுகளை இறுக்கும் ஆணி, போதாமல் பல இடத்தில் தற்காலிக ஆணி போட்டிருந்தார்கள். இரண்டு மாதத்தில் பறக்கும் என்று சொன்ன விமானம் பறந்தது 2009 டிசம்பர் 15இல்.

உங்கள் கடையில் பெட்டியைத் திறந்து கிலோவில் நிறுத்துக் கொடுக்கிற சாமான் இல்லை அது. ஒவ்வொன்றும் எந்த உருக்கில், எந்தத் தொகுதியில் செய்தது என்ற கடதாசியோடு வரும். 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானத் தொழில் படுத்தபோது அந்த ஆணி செய்கிற கொம்பனிகள் ஆட்களைக் குறைத்துவிட்டன. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் எங்கே போவது? ஒரு தற்காலிக ஆணியைக் கழற்றிச் சரியானதைப் போடுவதும் சின்ன வேலையில்லை. துளையை அளக்க வேண்டும், விளிம்பில் பிசிறு எடுக்க வேண்டும், சீலன்ற் ஈரமாக இருக்கும்போதே போட்டு இறுக்க வேண்டும், பிறகு இன்னொருவர் வந்து பார்த்து முத்திரை குத்த வேண்டும். கார்பன் ஃபைபர் உடம்பில் துளை ஒருமுறை கெட்டால் கெட்டதுதான்.

அதே 787இல் 2021, 2022இல் கையளிப்பையே நிறுத்தினார்களே, ஏன்? உடம்புத் துண்டுகள் சேரும் இடத்தில் இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கடதாசித் தடிப்பு என்று வையுங்கள். கராஜில் வால்வு இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜ் தெரியும்தானே, அந்த அளவு. சில இடங்களில் அதைத் தாண்டியிருந்தது. அப்படியே பறந்தால் நாளைக்கு விழுந்துவிடாது, 20 வருடத்தில் பாரம் சரியாகப் பரவாமல் அந்த இடத்தில் களைப்பு, அதாவது திரும்பத் திரும்பப் பாரம் ஏறுவதால் வரும் பலவீனம், வரும். இத்தாலியிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகச் செய்து சிறகு, உடம்பு என்று விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்கிற முறையில் இது கட்டாயம் எங்கேயாவது தலைகாட்டும்.

கொக்குவில் ஹாட்வெயார்:

அண்ணை, விளங்குகிறது. ஆனால் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணிக் கப்பல் 1938இல் அமெரிக்காவுக்கே பாய்விரித்துப் போனதே, அதற்கு யார் முத்திரை குத்தினார்கள் என்று கேட்க மனம் வருகிறது :)

இன்னொரு கேள்வி. யாழ்ப்பாணம் பலாலிக்குச் சென்னையிலிருந்து வருவதும் ஏடிஆர் என்ற பழைய காத்தாடி விமானம்தான். அதில் புதிதாக எதுவும் செய்கிறார்களா? 2027ஐ நம்பலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பழைய ஹாங்கர் ஆள்:

அன்னபூரணி 35,000 அடிக்கு மேலே போகவில்லை தம்பி.

ஏடிஆரை அப்படிக் கேவலமாகச் சொல்லாதீர்கள். 72 வகை முதலில் பறந்தது 1988இல், உண்மை. ஆனால் எஞ்சினும் கொக்பிட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 2019 ஒக்டோபரில், பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்த அதே மாதம், 800 மீற்றர் ஓடுபாதையில் ஏறி இறங்கக்கூடிய 42-600எஸ் என்ற வகையை அறிவித்தார்கள். எங்கள் மாதிரி இடத்துக்கு வாய்ப்பான சாமான். 2024 நவம்பரில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். விரிசலோ வயரோ காரணமில்லை, வாங்குகிற ஆட்கள் போதாது என்று. பழைய 72ஐ ஒழுங்காகப் பராமரித்து ஓட்டுவதுதான் எங்களுக்கு நடக்கப்போகிறது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

2027? சான்றுச் சோதனைகள் எல்லாம் ஒழுங்காக முடிந்தால் வரலாம். நானாக இருந்தால் போயிங்கின் அறிவிப்பைப் பார்க்கமாட்டேன், ஜேர்மன் விமான சேவையான லுஃப்தான்சாவைப் பார்ப்பேன். முதல் 777எக்ஸை எடுக்கவிருக்கிறவர்கள் அவர்கள். அது வராத குறைக்குத்தான் பழைய 747-400ஐயும் ஏ340ஐயும் நினைத்ததை விட நீட்டி ஓட்டினார்கள். அந்தப் பழையவற்றை விற்கிற திகதியை அவர்கள் உறுதியாகச் சொன்னால், அன்றைக்கு மகனுக்கு அறிவியுங்கள்.