கொள்ளுத்தாத்தாவின் பெற்றோரைக் கண்டறிய வழிகாட்டுங்கள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று ஆண்டுகளாக எங்கள் குடும்ப வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவு வரை தடையின்றிச் சென்ற தேடல், அவருடைய பெற்றோர் யார் என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. திருமணப் பதிவும் இறப்புப் பதிவும் காட்டும் வயதுகள் ஆறு ஆண்டுகள் முரண்படுகின்றன. இறப்பின்போது வயதைச் சொன்னவர் வேறொருவர் என்பதால், அவரே நேரில் சொல்லியிருக்கக்கூடிய திருமணப் பதிவையே நான் அதிகம் நம்புகிறேன்.

எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருக்கலாம் என்று கருதி, 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறைப்படி ஒலி ஒத்த பெயர்களையும் தேடிப் பார்த்தேன், பயனில்லை. சாட்சிகள் பல நேரங்களில் நெருங்கிய உறவினர்களாக இருப்பார்கள் என்பதால், திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்திட்ட இருவரின் குடும்பங்களை இப்போது ஆராய்ந்து வருகிறேன்.

மரபணுச் சோதனை பற்றியும் யோசிக்கிறேன். நான் தேடும் எள்ளுத்தாத்தாவிடமிருந்து எனக்கு வந்திருக்கக்கூடிய மரபணு சராசரியாக 6.25 சதவீதம்தான், ஆனால் கொள்ளுத்தாத்தாவின் கடைசி மகளும் என் தாத்தாவின் தங்கையுமான மூதாட்டியிடம் (அவர் இன்றும் நலமாக இருப்பது எங்கள் பெரும்பேறு) அது சுமார் 25 சதவீதமாக இருக்கும். எனவே என் மாதிரியைவிட அவருடைய மாதிரியே பல மடங்கு பயன் தரும் என நினைக்கிறேன்.

இத்தகைய சோதனையை வயது முதிர்ந்தவரிடம் அவர் மனம் நோகாமல் எப்படி எடுத்துச் சொன்னீர்கள்? சாட்சிகளின் வழியே சென்று பெற்றோரைக் கண்டறிந்தவர்கள், முதலில் எந்த ஆவணத்தைப் பார்த்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.