அக்காவின் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) 2027 ஏப்ரல் வரை செல்லும். செப்டம்பரில் பிரான்சுக்குள் விடுவார்களா?

சுங்கை சிப்புட் தங்கை:
வணக்கம். என் அக்கா 1974இல் தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்து போனவர். இப்போது பிரிட்டிஷ் குடிமகள், லெஸ்டரில் வீடு. நான் இங்கே மலேசியாவிலேயே இருந்துவிட்டேன். எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டுச் சுவரில் லூர்து மாதா படம் ஒன்று மாட்டியிருந்தார். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, கிளம்பும்முன் அதைத் தொட்டுக் கும்பிடாமல் வாசல் தாண்டமாட்டார். அந்த ஊரைப் பார்க்காமலே போய்விட்டார். அவருடைய செபமாலையை எடுத்துக்கொண்டு வருகிற செப்டம்பரில் நானும் அக்காவும் லண்டனிலிருந்து ரயிலில் பாரிஸ் போய், அங்கிருந்து பிரான்சிலேயே இருக்கும் லூர்துக்குப் போகிறோம்.

நேற்று அக்கா தம் கடப்பிதழைப் படமெடுத்து அனுப்பினார். வழங்கிய நாள் 2016 ஜூலை 11, முடியும் நாள் 2027 ஏப்ரல் 11. "ஏழு மாதம் இருக்கிறதே, போதும்" என்கிறார் பயண முகவர். பிரெக்சிட்டுக்கு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதற்கு, பிறகு சட்டம் மாறிவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நெத்திலிச் சம்பல் கொண்டுபோகலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பீடோர்க்காரர்:
அம்மா, முகவர் பேச்சை நம்பிப் புறப்பட்டுவிடாதீர்கள். அந்தக் கடப்பிதழ் செல்லாது. முடியும் நாளை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வழங்கிய நாளைப் பாருங்கள். பிரான்சுக்குள் நுழையும் அன்று, வழங்கிப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. அக்காவுக்கு 2026 ஜூலை 11உடன் பத்து வருடம் முடிந்துவிடுகிறது. பழைய கடப்பிதழில் மிச்சமிருந்த ஒன்பது மாதத்தைப் புதியதில் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வழக்கத்தை 2018 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். கூடுதல் மாதங்களை ஐரோப்பா கணக்கில் எடுப்பதில்லை. இதுபோக, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

பிரிட்டன் 2020 ஜனவரி 31இல் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியது. அந்த டிசம்பர் 31 வரை பழைய சலுகை இருந்தது. அதன்பின் அவர்களும் வெளியார்தான். 180 நாளில் 90 நாளுக்குமேல் தங்க முடியாது.

என் மைத்துனருக்கு இதே தவறுதான் நேர்ந்தது. விமான நிலையத்தில் பெட்டியை எடைபோடும் முகப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். பேத்தி கையில் நீச்சல் வளையத்தைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்; மற்றவர்கள் போக, அவர் மட்டும் வீடு திரும்பினார். உங்களுக்கு லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சுக் குடிநுழைவுச் சோதனை நடக்கும். அக்காவை இன்றே புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

கோலக்கிள்ளான் ஆசிரியை:
உங்களைப் பற்றியும் யோசியுங்கள். நம் மலேசியக் கடப்பிதழுக்கும் விசா வேண்டாம், அதே 90 நாள்தான். ஆனால் பிரிட்டனுக்குள் நுழைய, 2025 ஜனவரியிலிருந்து மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். ஐரோப்பிய எல்லையில் 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். முன்பு அக்கா ஐரோப்பியர் வரிசையில் போயிருப்பார். இனி இருவருக்கும் ஒரே வரிசை. வயதானவர்கள் நிற்க வேண்டியிருக்கும், நேரத்தோடு போங்கள்.

அக்காவிடம் பிரிட்டனின் இலவச மருத்துவ அட்டை இருந்தால் பிரான்சின் அரசு மருத்துவமனையில் அவசியமான சிகிச்சைக்கு உதவும். உங்களுக்கு அது கிடையாது. காப்புறுதி எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள்.

சம்பல் தாராளமாகப் போகும், மீன் வகைக்கு 20 கிலோவரை அனுமதி உண்டு. இறைச்சியும் பால் பொருளும்தான் கூடாது. ரெண்டாங் இறைச்சிக் குழம்பு வேண்டாம், அக்கா கட்டிக்கொண்டு வரும் பாலாடைக்கட்டி ரொட்டியும் வேண்டாம்.

சுங்கை சிப்புட் தங்கை:
உங்கள் எல்லோருக்கும் கோடி நன்றி. படித்த கையோடு அக்காவை அழைத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. முதலில் நம்பவில்லை. "வழங்கிய நாளை வாசியுங்கள், விரல்விட்டு எண்ணுங்கள்" என்றேன். எண்ணிவிட்டுச் சற்று நேரம் பேச்சே இல்லை. விண்ணப்பத்தை இன்றே அனுப்பிவிட்டார். புதுக் கடப்பிதழ் கைக்கு வந்த பிறகுதான் ரயில் டிக்கெட் எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். செபமாலையின் அறுந்த கண்ணியை நாளை பட்டறையில் கொடுத்துப் பற்றவைக்க வேண்டும்.