குதிரைப் பந்தய மோசடி: நாவலுக்கு நிஜச் சம்பவம் வேண்டும்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நடக்கிற ஒரு ஜாலியான மர்ம நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பந்தயத்தில் ஊரையே ஏமாற்றும் கும்பல்தான் நாயகர்கள். கொலை வேண்டாம். நிஜமாக நடந்தது ஏதாவது சொல்லுங்களேன்.

பதில் 1:
1844 எப்சம் டெர்பி! மூன்று வயதுக் குதிரைகள் மட்டும் ஓட வேண்டிய பந்தயம். முதலில் வந்த 'ரன்னிங் ரெய்ன்' உண்மையில் 'மக்காபியஸ்' என்ற நான்கு வயதுக் குதிரை. வழக்கு கோர்ட்டுக்குப் போனது, பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும் என்பதால் நீதிபதி குதிரையைக் கொண்டுவரச் சொன்னார், குதிரையோ மாயம். பரிசு இரண்டாவதாக வந்த 'ஆர்லாண்டோ'வுக்குப் போய்விட்டது.

பதில் 2:
அதைவிட எனக்கு 1898 டிராட்மோர் பந்தய மோசடி பிடிக்கும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் அப்படி ஒரு ஊரே கிடையாது. சிலர் 'ஸ்போர்ட்ஸ்மேன்' பத்திரிகைக்கு அந்த ஊர்ப் பந்தயப் பட்டியலை அனுப்பி அச்சிடவைத்து, இல்லாத குதிரைகள் மேல் பணம் கட்டினார்கள், அப்புறம் முடிவுகளையும் அவர்களே அனுப்பினார்கள். 'ரீப்பர்' என்ற குதிரை ஜெயித்தது 5க்கு 1 (1 கட்டினால் 5 லாபம்) என்று வந்ததை இன்னொரு பத்திரிகை 5க்கு 2 (2 கட்டினால் 5 லாபம்) என்று போட்டுவிட, எது சரி என்று விசாரிக்கப் போய்த்தான் குட்டு உடைந்தது. ஆட்கள் கடைசிவரை சிக்கவில்லை.

கேட்டவர்:
ஒரு அச்சுப்பிழையிலா! சரி, டிராட்மோர்தான், இன்றிரவே முதல் அத்தியாயத்தை மாற்றுகிறேன். ரொம்ப நன்றி.