மூணு வட்டக் கணக்குல மைனஸ் வருது, அவசரம்

தேர்வர்23: நாளைக்கு டெஸ்ட். தமிழ் பேப்பர் படிக்கிறவங்க 65, இங்கிலீஷ் 50, தெலுங்கு 35. தமிழும் இங்கிலீஷும் 25, இங்கிலீஷும் தெலுங்கும் 15, தமிழும் தெலுங்கும் 20. மூணும் 8. வென்படம் (ஒண்ணையொண்ணு வெட்டுற மூணு வட்டம்) போட்டா தெலுங்கு மட்டும் −8 வருது. எங்க தப்பு?

வட்டம்: மொத்தம் எத்தனை பேர்? கடைசியா என்ன கேட்டிருக்கு? 25 பேர்னா "இரண்டும்" படிக்கிறவங்களா, "இரண்டு மட்டும்" படிக்கிறவங்களா? வினாவை அப்படியே போடுங்க.

நெடுங்கணக்கு: வினாவே தப்பு. 15+20+8=43. தெலுங்குல இருக்கிறதே 35 பேர், எப்படி அடங்கும்? அச்சுப் பிழை, விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

மூத்தவர்: ஒன்பதாம் வகுப்புக் கணமொழிப் பாடத்தை (கணம் என்றால் ஒரு தொகுப்பு) புரட்டாமல் போட்டித் தேர்வுக்கு வந்தால் இப்படித்தான். தனித்தனியைக் கூட்டு, இரண்டிரண்டைக் கழி, மூன்றையும் சேர்ந்ததைக் கூட்டு. 150−60+8=98. அவ்வளவுதான்.

வட்டம்: ஐயா, அவர் கேட்டது −8 ஏன் வருதுன்னு. அந்த 8 பேரும் 15-க்குள்ளயும் இருக்காங்க, 20-க்குள்ளயும் இருக்காங்க. அதை மறுபடி தனியா கழிச்சதுதான் சிக்கல். எப்பவும் நடுவுல இருந்து வெளியே வாங்க. முதல்ல 8. அப்புறம் 25−8=17, 15−8=7, 20−8=12. தெலுங்கு மட்டும் 35−(7+12+8)=8. தமிழ் மட்டும் 28, இங்கிலீஷ் மட்டும் 18. ஏழு பகுதியும் கூட்டினா 98. வினாவுல "மட்டும்"னு இருந்தாதான் நெடுங்கணக்கு சொன்ன 43 வரும்.

தேர்வர்23: "மட்டும்" இல்ல. மொத்தம் 120, எதுவுமே படிக்காதவங்க எத்தனை?

மூத்தவர்: 120−98=22. ஒரே வரி. படம் வரைவது நேர விரயம்.

வட்டம்: "சரியாக ஒன்று"ன்னு கேட்டா உங்க ஒரு வரி போதாதே?

நெடுங்கணக்கு: அதுக்கும் சூத்திரம் உண்டு. 150−2×60+3×8=54. சரியா ரெண்டுன்னா 60−3×8=36.

வட்டம்: குறைந்தது ரெண்டுன்னா 60−2×8=44. பரீட்சை அவசரத்துல அந்த 2, 3 இடம் மாறிடும். படத்துல 28+18+8 கண்ணு முன்னாடியே நிக்குது.

தேர்வர்23: 22 வந்துடுச்சு. நன்றி.

மூத்தவர்: நான்கு கணம் வந்தால் படம் என்னாகும்? வட்டங்களுக்கு வெளியே உள்ளதையும் சேர்த்து 16 பகுதி வேண்டும். நான்கு வட்டம் வெட்டினால் அதிகபட்சம் 14தான் கிடைக்கும்.

வட்டம்: வட்டத்துக்குப் பதிலா நீள்வட்டம் போட்டா 16-ம் கிடைக்கும். வென்படத்துக்குப் பேர் தந்த ஜான் வென் 1880-லயே அப்படி வரைஞ்சு காட்டியிருக்கார்.