641 எப்படிக் கிடைத்தது? பிள்ளைகளுக்கு விளக்க உதவி வேண்டும்

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லித் தருகிறேன். இப்போது 4294967297 என்ற எண்ணில் நிற்கிறோம். 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது. இது பகா எண் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித அறிஞர் 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

641 இதை வகுக்கும் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. 641 = 5 × 128 + 1; அதே 641 = 625 + 16. இரண்டையும் பலகையில் எழுதியதும் ஒரு பெண் மீதியை வைத்தே போட்டு முடித்துவிட்டாள். அவ்வளவு அழகான வழிங்க அது!

சிக்கல் அடுத்த படியில். இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியையும் 64ஆல் வகுத்தால் மீதி 1தான். அதனால் அப்படி மீதி 1 வரும் பகா எண்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால் போதும்; 193, 257, 449, 577 நான்கையும் தள்ளினால் ஐந்தாவதே 641. ஏன் மீதி 1 என்று கேட்கிறார்கள். 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் 641ஆல் வகுத்தால், 64 படிக்கு ஒருமுறை மீதிகள் திரும்ப வரும். அதுவரை காட்டிவிடலாம். அந்த 64 ஏன் 640ஐ, அதாவது 641 - 1ஐ, மிச்சமில்லாமல் வகுத்தே ஆகவேண்டும்? ஃபெர்மாவின் சிறு தேற்றம் (2-இன் 640ஆம் அடுக்கை 641ஆல் வகுத்தால் மீதி 1 என்பது போல, பகா எண்களுக்கான விதி) படிக்காத பிள்ளைகளிடம் 'அப்படித்தான், நம்புங்க' என்று சொல்ல மனசு வரவில்லை.

வகுப்பில் சொல்லிப் பார்த்த வழி யாரிடமாவது இருந்தால் எழுதுங்க. தமிழ் வழிப் பிள்ளைகள், தமிழிலேயே இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.