முகாமில் 'ஆ' சொல்லவைத்து பார்க்கின்சன் (நடுக்குவாதம்) கண்டுபிடிக்கலாமா?

தேவகோட்டை, கானாடுகாத்தான், புதுவயல் ஊர்க்காரர்கள் மூவர் பேசிக்கொண்டது:

தேவகோட்டை:
காரைக்குடிப் பக்கத்து முதியோர் முகாம்களில் ரத்த அழுத்தம் பார்க்கிற மேசையிலேயே ஒரு கைபேசி போதும். ஒரே மூச்சில் 5 நொடி 'ஆ', மூன்று தரம். குரல்நாண் அதிர்வின் நேரம் சுற்றுக்குச் சுற்று பிசகுவது ஜிட்டர், வீச்சு பிசகுவது ஷிம்மர். இந்நோயில் இரண்டும் கூடும். பிராட் மென்பொருள் இலவசம், உடனே அளந்து தரும். செய்தால் என்ன?

கானாடுகாத்தான்:
60 தாண்டியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் இந்நோய். 1000 பேரில் 10. சோதனை நோயுள்ளவரிடமும் இல்லாதவரிடமும் 90 சதவீதம் சரி என்றே வைத்துக்கொண்டாலும் 9 பேர் பிடிபடுவார்கள், கூடவே நோயில்லாத 99 பேரும். சளி, புகை, மூப்பு எல்லாமே ஜிட்டரை ஏற்றும்.

தேவகோட்டை:
அந்த 108 பேருக்கும் அங்கேயே விரல் தட்டவைத்து, மணிக்கட்டு இறுக்கம் பார்த்தால் நோயில்லாதவர்களில் பெரும்பாலோர் பட்டியலிலிருந்து நீங்கிவிடுவார்கள். ஆய்வுகளில் 90க்கு மேலேயே வருகிறதே?

கானாடுகாத்தான்:
எதை வைத்து? 2008இல் மேக்ஸ் லிட்டில் என்ற ஆய்வாளரின் குழு தந்த குரல் தரவில் 31 பேர், 195 பதிவுகள். ஆளுக்கு ஆறேழு பதிவு. பதிவுகளைக் கலைத்துப் பிரித்தால் ஒரே ஆள் கணினிக்குத் தரும் பயிற்சியிலும் அதற்கு வைக்கும் தேர்விலும் வருவார். கணினி நோயை விட்டுவிட்டு ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். 147 பதிவுகள் நோயாளிகளுடையவை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் நோய் என்றாலே 75 சதவீதம் சரி! ஆளுக்கு ஆள் பிரித்துச் சோதித்த முடிவை மட்டும் காட்டுங்கள்.

புதுவயல்:
இரண்டு பேரும் பதியும் இடத்தை மறந்துவிட்டீர்கள். நம் வீட்டு வளவில் பதிந்தால் ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுவரும் எதிரொலித்து, சொல்லுக்கு நடுவே இருக்கிற மௌனத்தை நிரப்பிவிடும். சின்ன அறை, ஜமுக்காளம், மெத்தை வேண்டும். கைபேசியின் தானியங்கி ஒலிச்சமன் ஷிம்மரைக் கெடுக்கும். அணைத்துவிட்டு 44,100 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும்.

இன்னொன்று, இதுதான் பெரிய பள்ளம். நாக்கும் உதடும் எவ்வளவு வேகம் என்று பார்க்க 'ப-த-க' சொல்லச் சொல்வார்கள். எழுதிக்கொடுத்தால் ஆச்சிமார் தமிழ் வழக்கப்படி முதலெழுத்துக்குப் பின்வரும் எழுத்துகளை மெலித்துத்தான் வாசிப்பார்கள். அடைப்பொலி (வாயில் காற்றை அடைத்து விடும் ப, த, க போன்ற ஒலி) இப்படி இளகுவதைத்தான் மென்பொருள் நோய்க்குறியாக எண்ணுகிறது. எழுதித் தராமல் 'ப்பா-த்தா-க்கா' என்று அழுத்திச் சொல்லிக்காட்டுங்கள்.

தேவகோட்டை:
சரி, பதக பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களை 3 மாதத்துக்கு ஒருமுறை, இந்நோய்க்கான லெவோடோபா மாத்திரை விழுங்கிய நேரத்தையும் குறித்து, அதே அறையில் அதே கைபேசியில் பதியலாமா? அவரை அவரோடே ஒப்பிடுகிறோம்.

கானாடுகாத்தான்:
அதற்குத் தடை சொல்லமாட்டேன். புதியவர்களுக்கு மட்டும் வேண்டாம். நோயை உறுதிசெய்யும் 2015 நெறிமுறைப்படி கைகாலில் மந்தம் தெரிய வேண்டும், அதோடு ஓய்வில் இருக்கும்போது நடுக்கமோ இறுக்கமோ சேர வேண்டும். குரலை மட்டும் கேட்டு யார் சீட்டிலும் பார்க்கின்சன் என்று எழுதக் கூடாது.