குண்டின் செருகாழம்: ஒரு பெயருக்குள் மூன்று அளவுகள்

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

துப்பாக்கித் தோட்டாவில் குண்டு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் 'சீட்டிங் டெப்த்' என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடலாடலில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்:

> சீட்டிங் டெப்த் = அமர்வு ஆழம் அல்லது இருக்கை ஆழம். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

இரண்டும் எனக்கு ஒட்டவில்லை ஐயா. அமர்வு என்றால் கருத்தரங்கின் காலை அமர்வு, இருக்கை என்றால் பேருந்து. அதைவிடப் பெரிய சிக்கல், ஆங்கிலத்திலேயே இந்தப் பெயரை வைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு அளவுகளைப் பேசுகிறார்கள். நாமும் ஒரே சொல்லை வைத்தால் அந்தக் குழப்பம் அப்படியே இங்கே வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு சின்ன ஒழுங்கு. தோட்டா என்பது முழுப்பொருள்: கோது (வெளிக்கூடு), வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் எரியூட்டி, குண்டு நான்கும் சேர்ந்தது. 'உடலில் தோட்டா பாய்ந்தது' என்று நாளிதழ்கள் எழுதட்டும், நாம் வேண்டாம். பாய்வது குண்டு மட்டுமே. ஈழத்தில் அதைச் சன்னம் என்பார்கள். கோது என்பதும் அங்கிருந்து எடுத்ததுதான். சன்னத்தையும் எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் தமிழ்நாட்டில் அது சன்ன அரிசியில் போய் நிற்கும்.

சரி, பொருளுக்கு வருவோம். கோதின் கழுத்துக்குள், அதாவது குண்டைப் பிடித்திருக்கும் வாய்ப்பகுதிக்குள், குண்டு எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது முதல் அளவு. சுட்டதும் குண்டு கழுத்தைவிட்டுக் கிளம்பி, குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகளான சுரியின் மேட்டைத் தொடும்வரை வெறுமனே ஓடுகிற தூரம் இரண்டாவது. தோட்டாவின் அடியிலிருந்து குண்டின் முனைவரை உள்ள முழுநீளம் மூன்றாவது. குறி பார்த்துச் சுடுபவர்கள் 'ஆழத்தை மாற்றினேன், குழு சுருங்கியது' என்று சொல்லும்போது அவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். குழு என்பது தாளில் விழுந்த துளைகளின் பரப்பு.

தொழிற்சாலைத் தோட்டாவில் இந்த ஓட்டம் ஏன் நீளமாக இருக்கிறது? அது யாருடைய துப்பாக்கிக்கும் பொருந்தவேண்டும், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் அறைக்குள்ளும் (மேகசின்) அடங்கவேண்டும். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கு, துப்பாக்கி அளவுகளை வரையறுக்கும் ஐரோப்பிய அமைப்பான சி.ஐ.பி.யின் நியமம் வைத்திருக்கும் உச்ச முழுநீளம் 71.12 மி.மீ. அதற்குள் நின்றாக வேண்டும். உங்கள் குழலின் தொண்டை (சுரி தொடங்குமுன் உள்ள பகுதி) நீளமானதா, பல்லாயிரம் முறை சுட்டதில் அரிக்கப்பட்டு இன்னும் முன்னே நகர்ந்துவிட்டதா என்பதெல்லாம் ஆலைக்குத் தெரியாது. குண்டு நீண்ட தூரம் தளர்வாக ஓடிச் சுரியில் சற்றே கோணலாக நுழைந்தால், அந்தக் கோணல் தாளில் தெரியும். எல்லாக் குண்டுக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. மூக்கு வளைவு உடலோடு மெல்ல இழைந்து சேரும் குண்டு ஓட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். வெட்டினாற்போல் சேரும் நீள்மூக்குக் குண்டு அப்படியில்லை.

ஆலைத் தோட்டாவைத் தொட்டு மாற்றலாமா என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவில் வழக்கம் உண்டு. குறிசுடும் போட்டிக்காரர்களிடையே வளர்ந்த 'மெக்சிகன் மேட்ச்' என்ற வித்தை, ராணுவத்தின் பழைய எம்118 தோட்டாவிலிருந்து 173 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டை உருவிவிட்டு, மருந்தைத் தொடாமல், சியெரா நிறுவனத்தின் 168 கிரெயின் 'மேட்ச்கிங்' என்ற போட்டிக் குண்டை இறக்குவது. ராணுவத் தோட்டாவின் கழுத்தில் தார் பூசியிருக்கும். அதனால் உருவுவதற்கு முன் குண்டை ஒரு நூலளவு உள்ளே அழுத்துவார்கள். 'டக்' என்று ஒரு சத்தம், தார் விட்டுவிடும். அப்புறம்தான் வெளியே வரும்.

ஆனால் இது விளையாட்டில்லை. உள்ளே தள்ளினால் மருந்துக்கான இடம் குறையும். வெளியே இழுத்துச் சுரிமேட்டில் முட்டவிட்டால் அழுத்தம் ஏறும், கழுத்தின் பிடியும் தளரும். மூன்று தோட்டா சுட்டுவிட்டுக் குழு சுருங்கிவிட்டது என்று குதிப்பவர்களையும் நான் நம்புவதில்லை. அது பெரும்பாலும் தற்செயல்.

இப்போது சொற்கள். முதல் அளவுக்கு என் பரிந்துரை செருகாழம். 'கெட்டிப்பாழம்' என்று ஒருவர் சொன்னார். கெட்டித்தல் நாட்டுத் துப்பாக்கிக்காரர்களின் நல்ல சொல்தான், ஆனால் அது மருந்தை இடித்து இறுக்குவது. இங்கே நடப்பது அளந்து இறக்குவது. 'பதிப்பாழம்' வைத்தால் நூலகத்தில் தேடுவார்கள்.

இரண்டாவதுக்கு வெற்றோட்டம். ஆங்கிலத்தில் இதைக் குதிப்பு என்கிறார்கள். குண்டு குதிப்பதில்லை, பிடியில்லாமல் ஓடுகிறது. 'இந்தக் குழலில் வெற்றோட்டம் அரை மி.மீ.' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

மூன்றாவது முழுநீளம், அதில் விவாதம் தேவையில்லை. ஆனால் கூடவே இன்னொன்று வேண்டும். குண்டின் முனை ஒன்றுக்கொன்று ஒத்திருக்காது, திறந்த முனைக் குண்டில் இன்னும் மோசம். அதனால் கேலிப்பர் என்ற அளவுகருவியில் ஒரு வளையத்தை மாட்டி, அடியிலிருந்து மூக்கு வளைவு குறிப்பிட்ட விட்டத்தைத் தொடும் இடம்வரை அளப்பார்கள். இதற்கு வளைவுநீளம் போதும் என்று நினைக்கிறேன்.

கழுத்து விளிம்பை நெரித்துக் குண்டைப் பிடிக்கவைக்கும் 'கிரிம்ப்'புக்குத்தான் எனக்கு எதுவும் அமையவில்லை. 'கவ்வு' வைத்தால் கழுத்தின் இயல்பான பிடியோடு கலந்துவிடுகிறது. 'நெரிப்பு' என்று எழுதிப் பார்க்கலாமா? பாத்திரக்கடைப் பட்டறைக்காரர்கள் விளிம்பு மடிப்பதற்கு என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்